நின்ற இடமும் நிறுத்திய இடமும்

இயங்குதளத்தின் மையமான கெர்னல் நின்றுபோவதில் சத்தம் போடுவது ஒரு வகை, வாயே திறக்காதது இன்னொரு வகை. முதல் வகையோடு பழகிக்கொள்ளலாம். லினக்ஸில் ப்ராசஸரின் ஒரு கோர் 21 விநாடி பதில் சொல்லாமல் இருந்தால் ஆர்.சி.யூ. என்ற ஏற்பாடு விழித்துக்கொண்டு, இந்த கோர் ஸ்டால் ஆகிவிட்டது என்று லாகில் எழுதும். பழைய தரவை எப்போது அழிக்கலாம் என்று முடிவு செய்வதுதான் ஆர்.சி.யூ.வின் வேலை. அதற்காக ஒவ்வொரு கோரும் தன் கையில் பழையது எதுவும் இல்லை என்று அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெரிவிக்காத கோரின் எண், அது எந்த ஃபங்ஷனுக்குள் நின்றது, அதை அழைத்தது எது என்று ஒரு பட்டியலே வந்துவிடும். படித்துப் பார்க்க ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

இரண்டாம் வகையில் கையில் ஒன்றும் இருக்காது. சீரியல் கேபிள் வழியாகத் தெரியும் கருப்புத் திரையில் கடைசியாக நாம் அடித்த கட்டளை அப்படியே நிற்கும். அடுத்த வரி வராது. விசைப்பலகையின் அவசரக் கட்டளைகளுக்கும் பதில் இருக்காது. சோதனைப் பலகையில் மின்விளக்கு மட்டும் எரியும்.

நான் வேலை செய்வது படவேட்டில், வீட்டு மாடி அறையில். ஜவ்வாது மலை அடிவாரம். சுற்றிலும் வாழைத் தோட்டம். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இப்போது ரேணுகாம்பாள் அம்மனுக்குப் பெயர் போனது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் மொபைல் நெட்வொர்க் திணறிவிடும். தொலைவில் எங்கோ அடுக்கி வைத்திருக்கும் சோதனை இயந்திரங்களை அன்றைக்குத் தொட முடியாது. அதனால்தான் பலகைகளை வீட்டிலேயே மேசைமேல் வைத்துக்கொண்டேன். கெர்னல் பிழை தேடுகிறவருக்கு இது ஒரு வரமும்கூட. தொலைவில் நின்ற இயந்திரத்தை ரீபூட் மட்டும்தான் செய்ய முடியும். மேசைமேல் நின்ற இயந்திரத்தின் உள்ளேயே எட்டிப் பார்க்கலாம்.

நான் சொல்ல வரும் கோளாறு ஃபங்ஷன் ட்ரேஸிங்கில் நடந்தது. கெர்னலில் எந்த ஃபங்ஷன் எப்போது அழைக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று ஓடும்போதே பார்க்க உதவும் கருவி எஃப்ட்ரேஸ். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி, 2008 அக்டோபரில் லினக்ஸ் 2.6.27-ஓடு வந்தது. அதன் உள்வேலை எனக்கு இன்றும் வியப்புத் தருவது. கெர்னலை கம்பைல் செய்யும்போதே அநேகமாக எல்லா ஃபங்ஷனின் தலையிலும் ஓர் அழைப்பைச் செருகிவிடுகிறார்கள். பூட் ஆகும்போது அந்த அழைப்புகள் எல்லாம் ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளைகளாக மாற்றப்படும். ஆகவே ட்ரேஸிங் தேவைப்படாத நேரத்தில் கெர்னலுக்குப் பாரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நாம் 'கரண்ட் ட்ரேசர்' என்ற கோப்பில் 'ஃபங்ஷன்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். பல்லாயிரம் இடங்களில் வெற்றுக் கட்டளைகள் மறுபடி உயிருள்ள அழைப்புகளாகும். கெர்னல் ஓடிக்கொண்டே தன் உடம்பைத் தானே திருத்திக்கொள்கிறது.

இதில் உள்ள ஆபத்து முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 2008-இல் 2.6.27-இன் முன்னோட்டப் பதிப்புகளைப் போட்டுப் பார்த்தவர்களில் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. கார்டுக்குள் இருக்கும் நிலையான நினைவகமே சிதைந்துவிட்டது. ரீபூட் செய்தும் திரும்பவில்லை. எல்லாரும் அந்த கார்டின் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். கிராஃபிக்ஸ் பக்கமும் சந்தேகம் போனது. கடைசியில் காரணம் எஃப்ட்ரேஸ். ஒரு மாட்யூல் ஏறும்போது மட்டும் பயன்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் இருந்த ஃபங்ஷன்களின் முகவரிகளை அது குறித்து வைத்திருந்தது. அதே முகவரியில் பின்னர் நெட்வொர்க் கார்டின் நினைவகம் வந்து உட்கார்ந்தது. எஃப்ட்ரேஸ் அங்கே போய்த் திருத்தப் பார்த்தது. 2.6.27 வெளிவந்த சில நாட்களில் வந்த 2.6.27.1-இல் டைனமிக் எஃப்ட்ரேஸையே மூடி வைத்தார்கள். அடி வாங்கியது நெட்வொர்க் கார்டு. அடித்தது அதனோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கருவி. இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டிய வழக்கு என்று நினைக்கிறேன்.

என் மேசைக்கு வந்தது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியில் ஓடும் நான்கு கோர் பலகை ஒன்று. அதைச் செய்தவர்கள் பழைய 5-வரிசை கெர்னல் ஒன்றை எடுத்துத் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ட்ரேஸிங்கை ஆன் செய்தால் பலகை நிற்கிறது. எப்போதும் அல்ல, பலமுறை. பெரும்பாலும் மௌனமாக. எப்போதாவது மட்டும் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, இங்கே செல்லாத கட்டளை வந்தது என்று ஒரு புலம்பல். ஒருமுறை காட்டிய இடத்தை மறுமுறை காட்டாது.

அந்த மௌனமே ஒரு தடயம் என்பது என் அனுபவம். யோசித்துப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் நின்றிருந்தால் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று, ஓடும் வேலையை இடைமறிக்கும் டைமர் இன்டரப்ட் வந்தபோது கவனித்து ஸ்டால் செய்தி எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் எழுத ஆள் இல்லை. நான்கு கோரிலும் இன்டரப்ட் அடைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல், ஏ.எம்.டி. இயந்திரங்களில் அடைக்க முடியாத இன்டரப்ட் ஒன்று உண்டு; அது போய்த் தட்டி எழுப்பிச் செய்தி வாங்கிவிடும். இந்தப் பலகையில் அது இல்லை. சரி, எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் இன்டரப்டை அடைத்துக்கொண்டு நிற்கும் இடம் கெர்னலில் எங்கே இருக்கிறது? மிகச் சில இடங்கள்தான். அவற்றில் முதலாவது 'ஸ்டாப் மெஷின்'.

ரிஸ்க்-ஃபைவில் ஓர் அழைப்பை எழுத இரண்டு கட்டளைகள் வேண்டும், நான்கு பைட் வீதம் எட்டு பைட். முதல் கட்டளை முகவரியின் மேல்பாதியை ஒரு ரெஜிஸ்டரில் வைக்கும். இரண்டாவது, அந்த ரெஜிஸ்டரோடு கீழ்ப்பாதியைக் கூட்டி அங்கே தாவும். ஒரு கோர் இந்த இரண்டையும் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோர் அதே இடத்தில் ஓடினால், பழைய கட்டளை ஒன்றும் புதிய கட்டளை ஒன்றுமாக அதற்குக் கிடைக்கக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் ஸ்டாப் மெஷின் வழியாக எல்லாக் கோர்களையும் நிறுத்தி வைத்துவிட்டு ஒரே கோர் திருத்துகிறது. மற்றவை ஒரு சுழற்சிக்குள் காத்திருக்கும். திருத்தம் முடிந்ததும் ஒவ்வொன்றும் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டால்தான் எல்லாம் விடுதலையாகும். ஒன்று போடாவிட்டாலும் மற்ற எல்லாம் நிற்கும். ஸ்டாப் மெஷின் இல்லாமலேயே பாதுகாப்பாகத் திருத்தும் முறை ரிஸ்க்-ஃபைவுக்கு அண்மை ஆண்டுகளில்தான் வந்தது.

ஜேடேக் என்ற வன்பொருள் சோதனை இணைப்பு வழியாக, நின்றுபோன பலகையின் நான்கு கோர்களும் எந்த முகவரியில் இருக்கின்றன என்று படித்தேன். மூன்று கோர்கள் காத்திருக்கும் அந்தச் சுழற்சிக்குள்ளேயே இருந்தன. 'மல்ட்டி சி.பி.யூ. ஸ்டாப்' என்பது அந்த ஃபங்ஷனின் பெயர். நான்காவது மட்டும் அதற்குக் கொஞ்சம் தள்ளி, வேறு ஒரு ஃபங்ஷனின் நடுவயிற்றில் இருந்தது. அந்த ஃபங்ஷனை அழைக்க யாருக்கும் அங்கே வேலை இல்லை. ரீபூட் செய்து மறுபடி நிறுத்திப் பார்த்தால், வழி தவறிய கோர் வேறு. அது போய் விழுந்த இடமும் வேறு. ஆனால் மீண்டும் அதே அக்கம்பக்கம்.

ஆரணிப் பக்கம் பெரியப்பாவுக்குத் தறி. பட்டுச் சேலையில் பூ கோணலாக விழுந்தால் அவர் சேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். நிமிர்ந்து தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியையும், வரிசையாக ஏறி இறங்கும் அட்டைகளையும் பார்ப்பார். கோளாறு தெரிவது துணியில், இருப்பது மேலே. நின்ற கோர் காட்டும் முகவரியும் அந்தத் துணி மாதிரிதான். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்டையைத் தேட எஃப்ட்ரேஸே ஒரு வழி வைத்திருக்கிறது. ட்ரேஸ் செய்யக்கூடிய ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரு கோப்பில் பட்டியலாக இருக்கும். அதில் பாதியை மட்டும் வடிகட்டியில் எழுதி ட்ரேஸிங்கை ஆன் செய்ய வேண்டும். நின்றால் கோளாறு அந்தப் பாதியில். நிற்காவிட்டால் மறு பாதியில். நின்ற பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். 32,768 பெயர்கள் இருந்தால் 15 முறை பாதியாக்கினால் ஒரே பெயரில் வந்து நிற்கும். கெர்னல் மூலநிரலோடு இதற்கென்றே ராஸ்டெட் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று வருகிறது. முன்பு பெயர்களை எழுதியே வடிகட்ட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களை எழுத நிமிடங்கள் ஆகும். 5.1 முதல் பட்டியலில் உள்ள வரிசை எண்ணை எழுதினாலே போதும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பலகை நின்று ரீபூட் ஆக வேண்டிய வேலையில் இந்த வேகம் பெரிய உபகாரம்.

புத்தகத்தில் படிக்கிற மாதிரி அது நேராகப் போகாது. முதல் காரணம், கோளாறு ஒரு பந்தயத்தைச் சார்ந்தது. ஒரு கோர் திருத்தும் அதே கணத்தில் இன்னொன்று அங்கே கால் வைத்தால்தான் விபத்து. ஆகவே நின்றால் நின்றதுதான், சந்தேகமில்லை. நிற்கவில்லை என்றால் அதை உடனே நம்பிவிடக் கூடாது. நிற்காத பாதியை மறுபடி மறுபடி ஆன் செய்து ஆஃப் செய்து அலுக்கும்வரை சோதித்த பிறகுதான் நல்லது என்று ஒதுக்க வேண்டும். பொறுமை இழந்து அவசரமாக ஒதுக்கினால் மிச்சமுள்ள பாதியாக்கல்கள் எல்லாம் வீண்.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. ஒரு கட்டத்தில் இரண்டு பாதிகளும் நின்றன. குற்றவாளி ஒன்று என்றால் அது நடக்காது. இப்படி வந்தால் ஏதாவது ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெயரை, ட்ரேஸ் செய்யாதே என்ற பட்டியலில் போட்டுவிட்டு, முழுப் பட்டியலோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் செய்ததில் வந்தவை இரண்டு சின்னஞ்சிறு ஃபங்ஷன்கள். ஒன்று 'ஸ்டாப் மெஷின் ஈல்ட்', மற்றது ஆர்.சி.யூ.வின் 'மொமெண்டரி டைன்டிக் ஐடில்'.

இரண்டையும் அழைப்பது யார் என்று பார்த்தால், காத்திருக்கும் அதே சுழற்சி. அந்த மூன்று கோர்களும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டு ஃபங்ஷன்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. இரண்டும் 2019 வாக்கில் நல்ல காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. முதலாவது, ஐ.பி.எம்.மின் எஸ்390 பெருங்கணினிகளில் காத்திருக்கும் நேரத்தை இன்னொரு மெய்நிகர் கோருக்கு விட்டுக்கொடுக்க. இரண்டாவது, காத்திருப்பு நீண்டால் ஆர்.சி.யூ. வீணாக ஸ்டால் என்று கத்தாமல் இருக்க. இரண்டுமே சாதாரண ஃபங்ஷன்கள் என்பதால் அவற்றின் தலையிலும் ட்ரேஸிங் அழைப்பு உண்டு. அதாவது, திருத்தப்படும் பல்லாயிரம் இடங்களில் இந்த இரண்டு மட்டும் நிறுத்தி வைத்த கோர்களின் காலடியிலேயே இருந்தன.

அதன்பின் விபத்தின் ஒவ்வொரு அடியும் விளங்கியது. காத்திருக்கும் கோர் முதல் கட்டளையைப் பழையபடி வெற்றுக் கட்டளையாகப் படிக்கிறது. இரண்டாவதைப் புதியதாகப் படிக்கிறது. தாவு என்கிறது புதிய கட்டளை. ஆனால் எங்கே தாவுவது என்பதன் மேல்பாதியை ரெஜிஸ்டரில் யாரும் வைக்கவில்லை. அந்தத் தலைமுறை கெர்னலில் இந்த வேலைக்குப் பயன்பட்டது, ஃபங்ஷன் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய முகவரியை வைத்திருக்கும் அதே ரெஜிஸ்டர். எனவே கோர் தாவுவது, தன்னை அழைத்தவர் முகவரியோடு 12 பிட் எண் ஒன்றைக் கூட்டி. முன்னேயோ பின்னேயோ 2 கிலோபைட்டுக்குள் எங்காவது விழும். அழைத்தவர் மல்ட்டி சி.பி.யூ. ஸ்டாப், ஆகவே விழுவது எப்போதும் அதே அக்கம்பக்கம். விழுந்த இடத்தில் ஏதாவது ஒரு சுழற்சி இருந்தால் அங்கேயே சுற்றும். செல்லாத கட்டளையாக இருந்தால் புலம்பல் வரும். எப்படியானாலும் கையெழுத்துப் போட அது திரும்பி வராது.

தீர்வு இரண்டு சொல். இரண்டு ஃபங்ஷன்களின் தலையிலும் 'நோட்ரேஸ்' என்ற குறிப்பு; இவற்றில் ட்ரேஸிங் அழைப்பைச் செருகாதே என்று கம்பைலருக்குச் சொல்வது. மூலக் கெர்னலின் வரலாற்றில் அந்த இரண்டு பெயர்களையும் தேடியபோது, 2020 அக்டோபரிலேயே ஸோங் லீ என்ற பொறியாளர் இதே இரண்டு குறிப்புகளையும் போட்டிருந்தது தெரிந்தது. அதற்கு முன்னுதாரணமாக, 2018-இல், கோர் நின்றதா என்று கவனிக்கும் வாட்ச்டாக் ஃபங்ஷன்களுக்கு இதே காரணத்தால் நோட்ரேஸ் போடப்பட்டதையும் அவர் சுட்டியிருந்தார். பலகைக்காரர்கள் பிரித்தெடுத்த கெர்னல் அந்தத் திருத்தத்துக்கு முந்தியது. மூலத்திலிருந்து எடுத்து அவர்கள் மரத்தில் ஒட்டினேன். விற்பனைக்காகப் பிரித்தெடுத்த கெர்னலை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது எவ்வளவு பெரிய கடன் என்று நிறுவனங்கள் உணர வேண்டும். உலகம் தீர்த்துவிட்ட கோளாறுக்கு ஒருவர் மறுபடி இரவு பகல் செலவழிக்கிறார்.

எல்லா ஸ்டாலும் இப்படி ஓட்டையால் வருவதில்லை. வெறும் வேகக் குறைவாலும் வரும். 2018 கடைசியில் ஆர்ம்64 ப்ராசஸர்களுக்காகச் செய்த ஒரு திருத்தம் இதற்குச் சான்று. சோதனைக்கான எல்லா விருப்பங்களையும் போட்டுக் கட்டிய கெர்னலை க்யூஎமு என்ற போலி இயந்திரத்தில் ஓட்டினால், எல்லா ஃபங்ஷன்களையும் திருத்தி முடிக்கவே நெடுநேரம் ஆகி, கோர் நின்றுவிட்டது என்று வாட்ச்டாக் எச்சரித்தது. திருத்தும் சுழற்சியின் நடுவே மற்ற வேலைகளுக்கு வழிவிட அனுமதித்துச் சரிசெய்தார்கள். அங்கே எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. வேலை அதிகம், அவ்வளவுதான்.

மாட்டியதா, மெதுவா என்று பிரித்தறிவதுதான் சத்தம் போடும் வகையில் முதல் வேலை. அதற்கு ஒரு செய்தி போதாது, இரண்டு வேண்டும். விநாடிக்கு 250 டிக் ஓடும் கெர்னலில் முதல் ஸ்டால் செய்தி 5250 என்ற எண்ணோடு வரும். அது 21 விநாடி. பலரும் அதைப் பார்த்ததுமே ரீபூட் செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் காத்திருந்தால் 21003-ஐ ஒட்டி அடுத்த செய்தி வரும். அது 84 விநாடி. இரண்டிலும் உள்ள ஃபங்ஷன் அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழ் அடுக்கு ஒன்றாக இருந்து மேல் அடுக்கு மாறியிருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது, மெதுவாக. மேலிருந்து கீழ்வரை எதுவும் மாறவில்லை என்றால் மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பார்க்காமல் 21-ஐ 60 ஆக்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று அனுப்பிவிடும் வழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. அந்தப் பலகை ஒரு நாள் ஏதோ ஒரு மருத்துவக் கருவிக்குள்ளோ மின்நிலையத்திலோ உட்காரப்போகிறது.

பார்ப்பதற்காக நாம் செய்வதே ஸ்டாலை உண்டாக்குவதும் உண்டு. எஃப்ட்ரேஸ் ஒவ்வொரு கோருக்கும் சுமார் 1.4 மெகாபைட் இடையகம் வைத்திருக்கும். கெர்னல் விழும்போது அதைத் திரையில் கொட்டச் சொல்லலாம். சீரியல் கேபிளின் வழக்கமான வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். எழுத்தாகக் கணக்கிட்டால் சுமார் 11,500. ஒரு மெகாபைட் எழுத்து வெளியே வரவே ஒன்றரை நிமிடம் ஆகும். நான்கு கோர் இடையகமும் எழுத்தாக விரிந்து கொட்டினால் பல நிமிடம். அத்தனை நேரமும் இன்டரப்டை அடைத்துக்கொண்டு எழுதினால் புதிய ஸ்டால் செய்திகள் வந்து பழைய தடயத்தின் மேல் விழும். எனக்கு உதவியது, இடையகத்தைச் சில பத்து கிலோபைட்டாகக் குறைத்து, விழுந்த கோரின் இடையகத்தை மட்டும் கொட்டச் சொன்னது. விழுவதற்கு முந்தைய சில நூறு அழைப்புகள் போதும். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ரிஸ்க்-ஃபைவை வைத்து உருவாக்கிய ஷக்தி ப்ராசஸர், 2018-இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் சிப்பாக வந்து அதில் லினக்ஸ் ஓடியது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஒரு ப்ராசஸர் வரும்போது அதன் பின்னால் இப்படிப்பட்ட நூறு வேலைகள் வருகின்றன. ஸ்டாப் மெஷின், ட்ரேஸிங், இடையகம், இன்டரப்ட் என்று ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெருநகரம் தேவையில்லை. ஒரு பலகை, ஒரு சீரியல் கேபிள், மின்சாரம் போனால் தாங்கும் யு.பி.எஸ்., அவ்வளவுதான்.

ஆரணிப் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். வீட்டில் தறி உண்டு. முதலில் அவனுக்குக் கெர்னலைக் கட்டவும், க்யூஎமுவில் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அதே பழைய பலகையில் அந்த இரண்டு நோட்ரேஸ் குறிப்புகளையும் எடுத்துவிட்டு, கெர்னலைக் கட்டி அவன் கையில் கொடுத்தேன். என்ன கோளாறு என்று சொல்லவில்லை. மௌனமாக நின்ற திரையைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலேயே, "எல்லா கோர்லயும் இன்டரப்ட் அடைச்சிருக்கா சார்?" என்று கேட்டான். பட்டியலைப் பாதியாக்கும் வழியை மட்டும் காட்டினேன். வாழைத் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி வரைந்து நின்றது, நிற்காதது என்று குறித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பாதியும் நிக்குது சார்."

"அப்படின்னா?"

கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்தான். "ஒண்ணு இல்ல சார். குறைஞ்சது ரெண்டு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு முதல் பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்தான்.